மலைமேல் பாட்டில் பெட்ரோல்

போன வாரம் உச்சி வெயிலில் என் கடை வாசலில் ஒரு பழைய ஜீப் வந்து நின்றது. நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. அதுவாக இருமி, குலுங்கி, கொஞ்ச தூரம் உருண்டு வந்து ஓய்ந்துபோனது. உள்ளே பட்டணத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேர். ஜீப்புக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். ஜவ்வாது மலையைப் பார்க்கப் போகிறார்களாம். ஒடுகத்தூரில் மலைச்சாலை பிரிகிற இடத்தில்தான் என் கடை. மோர், சோடா, வெள்ளரிப்பிஞ்சு, பிள்ளைகளுக்கு முறுக்கு. வெயில் காலத்தில் மோர்தான் எனக்குச் சோறு போடுகிறது.

ஒரு பிள்ளை பானட்டைத் தூக்கினான். அப்போது அந்த வாசனை வந்தது. காய்ந்த இரும்பும் கொதித்த பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த வாசனை. நீங்கள் இப்போதைய வண்டிகளில் போகிறவர் என்றால் அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. இந்தக் காலத்து வண்டிகள் எது நடந்தாலும் வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணாவது கலங்கியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. மோர்ப்பானையை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

"பங்க்ல போட்ட பெட்ரோல்தான்டா. கலப்படம் பண்ணிட்டானுங்க" என்றான் ஒருவன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். வண்டி நின்றால் முதல் பழி பெட்ரோல் ஊற்றியவர் தலையில்தான் விழும். இதில் பட்டணம், மலை என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

"கலப்படம் இல்ல தம்பி, சூடு. நெழலுக்குத் தள்ளிப் போட்டு பானட்ட தெறந்து வைங்க. ஆறட்டும். அதுவரைக்கும் மோர் குடிங்க" என்றேன். மோர் விற்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் முழுப்பொய் இல்லை. குடித்தார்கள், யார் யாருக்கோ போன் போட்டார்கள், வெயில் சாய்வதற்குள் வண்டி தானாகக் கிளம்பிப் போனது. எனக்குத்தான் அதற்குப் பிறகு கை ஓடவில்லை. அன்றைக்கு மோரில் உப்பே போடாமல் விற்றிருக்கிறேன். குடித்தவர்களும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பாவம்.

நான் மலைமேல் பெட்ரோல் விற்றவள். கல்யாணமான புதிதில். என் வீட்டுக்காரர் அப்போது மலையிலிருந்து புளி வாங்கிக் கீழே விற்றுக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு யோசனை சொல்வார். ஒரு வாரம் தேன் வியாபாரம், ஒரு வாரம் கோழிப்பண்ணை. அப்படி ஒரு வாரம் வந்த யோசனை மலைமேலேயே கடை போடுவது. "மேல பைக்கு நெறைய வந்துடுச்சி. பெட்ரோலு தீந்தா கீழ வரைக்கும் தள்ளினு வர்றானுங்க. பாட்டில்ல ஊத்தி வெச்சா போதும், கையோட வாங்கினு போவானுங்க" என்றார். அவருடைய யோசனைகளில் உருப்படியானது அது ஒன்றுதான். அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள். ஒடுகத்தூரிலிருந்து ஏறிப் போனால் சாமையும் கேழ்வரகும் விளைகிற சரிவுகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். ஒரு காளி கோயில், கோயிலுக்கு முன்னால் ஒரு பலாமரம். எங்கள் கடை அந்த மரத்திலிருந்து கூப்பிடு தூரம்.

வீட்டுக்காரர் கேனில் பெட்ரோல் கொண்டு வந்து போட்டுவிட்டு மறுபடி புளியோடு இறங்கிவிடுவார். பாட்டிலில் ஊற்றுவது, விற்பது எல்லாம் நான். புனலில் பழைய வேட்டித் துணியைப் போட்டு வடிகட்டித்தான் ஊற்றுவேன். சோறு வடிக்கிறபோது கூட அவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை. கேன் வந்ததும் முதல் வேலையாக உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பேன். நல்ல பெட்ரோல் என்றால் ஜில்லென்று இழுக்கும், கை விறைக்கும், அப்புறம் சொட்டு விழுந்த இடம் கூடத் தெரியாது. மண்ணெண்ணெய், அங்கே கிருஷ்ணாயில் என்பார்கள், கலந்திருந்தால் போகாது. தோலில் பிசுபிசுவென்று உட்கார்ந்துகொள்ளும். பங்க்கில் எங்களை ஏமாற்றிவிடக் கூடாதே என்று நான் செய்த சோதனை அது. எங்களையே ஒருத்தர் சோதிப்பார் என்று எனக்குத் தோன்றியதில்லை.

கை எப்போதும் பெட்ரோல் நாறும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. களி கிண்டினாலும் களியில் பெட்ரோல், தலை வாரினாலும் தலையில் பெட்ரோல். என் வீட்டுக்காரர் பீடி பிடிக்கும்போது என்னைத் தள்ளி உட்காரச் சொல்வார். பீடியைத் தள்ளி வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றாது.

அந்த ஊரில் என் பேர் யாருக்கும் தேவைப்படவில்லை. கீழேயிருந்து வந்து தங்கிய ஒரே பெண்பிள்ளை என்பதால் ஒடுகத்தூர்க்காரி என்றார்கள். அதில் கேலி கிடையாது. பலாப்பழம் பழுத்தால் ஒடுகத்தூர்க்காரிக்கு ஒரு பாதி வரும். பிள்ளை பிறந்தால் ஒடுகத்தூர்க்காரியைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். எனக்குப் பிறந்த வீட்டில் கூட அப்படி ஒரு மரியாதை இருந்ததில்லை. இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். சும்மா நினைக்கவில்லை, வாசலில் முருங்கைக் குச்சி நட்டேன்.

அந்த ஊருக்கும் கீழே உள்ள உலகத்துக்கும் இடையில் இருந்தது ஏழுமலையின் ஜீப். ஏழுமலை அந்த ஊர்ப் பையன், என்னைவிட இளையவன், என்னை அக்கா என்பான். பெட்ரோல் ஜீப், அவன் வயசுக்கும் மூத்தது. காலையில் புளியும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு இறங்கும். மத்தியானம் சந்தைச் சாமான்களோடு ஏறும். உள்ளே உட்கார்ந்தவர்கள் போக, பின்னால் தொங்குகிறவர்கள், மேலே ஏறியவர்கள், பானட் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏழுமலைக்கு வழி காட்டுகிறவர்கள் என்று ஒரு ஊரே வரும். முன்பக்கத்து வலை மேல் வெங்காய மூட்டையைக் கட்டியிருப்பார்கள். எஞ்சினுக்குக் காற்று எங்கேயிருந்து போகும்? அதையெல்லாம் யார் கேட்டார்கள்? அந்த ஜீப் என்னிடம் வாங்கிய பெட்ரோலில்தான் ஓடியது. கீழே போய் வாங்கினால் காலையில் சவாரி எடுக்க நேரமாகிவிடும் என்று முதல் நாளே என்னிடம் வாங்கி ஊற்றிவிடுவான்.

ஒரு வருடம் மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் அந்த ஜீப் நிற்க ஆரம்பித்தது. காலையில் ஒரு குறையும் இருக்காது. மத்தியானம் ஏறும்போது, முதல் கியரில் முனகிக்கொண்டு பாதி மலை வந்ததும், இருமல் வரும். கொஞ்சம் இழுக்கும், விடும், இழுக்கும். அப்புறம் நின்றுவிடும். எல்லாரும் இறங்கி மர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு, ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் ஒரே சாவியில் கிளம்பும். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை கூடக் கட்டிப் பார்த்தார்கள்.

ஏழுமலை சோம்பேறி இல்லை. கடைக்கு எதிரில்தான் வண்டியைப் போட்டு அவிழ்ப்பான் என்பதால் எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரைக் கழற்றி, அதன் ஓட்டைகளை வாயால் ஊதினான். பிளக்கை மாற்றினான். பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற காயில் சூடாகித்தான் கரண்ட் வரவில்லை என்று அதையும் மாற்றினான். பெட்ரோல் பம்ப் மேல் ஈரச்சாக்கைப் போட்டுக் கட்டினான். வண்டி ஏறும்போது அந்தச் சாக்கு காய்ந்து மொறமொறவென்று ஆகிவிடும், வழியில் நிறுத்தி, யாராவது பானட்டைத் தூக்கி ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றுவார்கள்.

"நின்னவொடனே மூந்து பாப்பேங்கா. ஒரு நாளு பெட்ரோலு நாத்தம் கும்முனு வருது, உள்ள ரொம்பி வழியுது. ஒரு நாளு நாத்தமே இல்ல, பெட்ரோலே வரல. ரெண்டும் வேற வேற வியாதி. ஒரே வண்டிக்கு ரெண்டு வியாதியும் எப்பிடிக்கா வரும்?" என்று ஒரு நாள் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டான். எனக்கு என்ன தெரியும்? மோர் கொடுத்தேன். அப்போதும் மோர்தான்.

எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து அவன் சொன்னானாம்: "எல்லாத்தையும் மாத்திட்டேன். இனிமே மாத்தறதுக்கு பெட்ரோலு ஒண்ணுதான் பாக்கி." கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டான். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தவன் கடைசியில் மிச்சம் இருந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் டீக்கடையில் சொன்ன பேச்சு டீக்கடையிலா நிற்கும்? ஊர்வாயை மூட உலைமூடி ஏது? என்னிடம் பெட்ரோல் வாங்க வந்த பையன்கள் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பார்க்க ஆரம்பித்தார்கள். "இன்னாடா பாக்கற, உள்ள மீன் ஓடுதா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சித்திரையில் காளிக்குத் திருவிழா. காப்புக் கட்டுகிற நாள் அம்மனுக்குப் புதுப்புடவையும் வளையலும் மஞ்சளும் கீழேயிருந்து வர வேண்டும். பொழுது சாய்வதற்குள் அதைச் சாத்திக் காப்புக் கட்டிவிட வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். அன்றைக்கு ஜீப் பாதி மலையில் நின்றது. அன்றைக்கு வெற்றிலை போட்டும் கிளம்பவில்லை, கதை பேசியும் கிளம்பவில்லை. அவ்வளவு வெயில், அவ்வளவு கூட்டம். கடைசியில் புடவைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் ஓடி ஏறினார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது பொழுது போய்விட்டிருந்தது. காப்பு தவறிப்போனது. பெண்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். நானும்தான் அழுதேன். எனக்கும் அவள்தானே காளி.

அதுவரைக்கும் அது ஜீப்பின் கோளாறு. அதற்குப் பிறகு அம்மனுக்குச் செய்த குற்றம் ஆகிவிட்டது.

மறுநாள் காலை கேனிலிருந்து பாட்டிலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கோயிலுக்கு வரச்சொல்லி ஆள் வந்து திடீரென்று பின்னால் கூப்பிட்டதில் கை ஆடி, கேன் சாய்ந்து, புடவைக் கொசுவம் முழுக்க நனைந்துவிட்டது. ஊர் கூப்பிட்டால் நின்று பதில் சொல்லக் கூடாது, போய்விட வேண்டும். அப்படியே போனேன். வீட்டுக்காரர் முதல் நாளே புளியோடு இறங்கியிருந்தார்.

பலாமரத்தடியில் ஊர் உட்கார்ந்திருந்தது. ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த் தலைவர், சத்தம் போட்டுப் பேசாத மனிதர். "தப்பா எடுத்துக்காதம்மா" என்றார். "ஊரு பேசுது, பெட்ரோலுல கிருஷ்ணாயிலு கலந்துட்டேன்னு. அம்மா முன்னாடி சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணிடு. அப்பறம் எவனாவது வாய தெறந்தா நான் பாத்துக்கறேன்."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எரிகிற சூடத்தை வெறுங்கையால் அடித்து அணைத்துவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் விசாரணையே கிடையாது. ஏற்றிய சூடம் முடிவதற்குள் அணைக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. தானாக எரிந்து தீர்ந்துவிட்டால், அம்மன் அந்தச் சத்தியத்தை வாங்கவில்லை என்று அர்த்தம்.

"கவுண்டரே, ஒண்ணு கேக்கறேங்க" என்றேன். "கலப்படம்னா காலையிலயும் கலப்படம்தானுங்களே? காலையில ஓடற வண்டி மத்தியானம் ஏன் நிக்கணும்? பைக்குங்கல்லாம் இதே பெட்ரோலுல ஓடுதே? ஒரு காயிதம் குடுங்க, ஊத்திக் காட்டறேன். கிருஷ்ணாயிலு இருந்தா கறை நிக்கும், இல்லன்னா நிக்காது."

கொஞ்சம் பேர் யோசித்தார்கள். ஏழுமலை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். எதையோ எண்ணிப் பார்க்கிற முகம் அது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிடித்திருப்பானோ என்னவோ. அதற்குள் பின்னாலிருந்து ஒரு அம்மா, "காயிதத்துக்கு இன்னா தெரியும்? அம்மாளுக்குத்தான் தெரியும். அணைக்கச் சொல்லுங்க" என்றாள். பூசாரி அதற்கு முன்பே கல் மேல் சூடத்தை வைத்து ஏற்றிவிட்டார்.

நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. கையில் பெட்ரோல், முழங்கை வரைக்கும் பெட்ரோல், காலைச் சுற்றி நனைந்த புடவை. பின்னால் நகர்ந்தேன்.

"பொடவையெல்லாம் பெட்ரோலுங்க. கிட்ட போனா பத்திக்கும். குளிச்சி மாத்திக்கினு ஓடி வந்துர்றேன். வேற சூடம் ஏத்துங்க, அணைக்கறேன்."

"குளிச்சிட்டு வந்தா அம்மா மறந்துடுவாளா?" என்றது ஒரு குரல்.

"நெசம் பேசறவள அம்மா சுட மாட்டா" என்றது இன்னொன்று. அது நல்ல மனசோடு, எனக்குத் தைரியம் சொல்வதற்காக வந்த குரல். எனக்குப் பலாப்பழம் கொடுத்த வீட்டுக் குரல்.

அத்தனை பேர் மூக்கிலும் என் மேல் அடிக்கிற பெட்ரோல் வாசனை ஏறியிருக்கும். அத்தனை பேருக்கும் பெட்ரோல் எப்படிப் பற்றும் என்று தெரியும். சாமி காரியத்தில் அது கணக்கில்லை. அப்போது எனக்கு இருந்தது பயம், வேறொன்றும் இல்லை. உயிர்ப்பயம். சத்தியத்துக்கு நான் பயப்படவில்லை, நெருப்புக்குப் பயந்தேன். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சூடம் சின்னதுதான். குனிந்து, சுருங்கி, நீலமாக ஒரு பொட்டு நின்று, அணைந்தது. கல் மேல் கருப்பாக ஒரு கறை இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. ஒவ்வொருவராக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். பூசாரி கல்லைத் துடைத்தார். நான் வீட்டுக்குப் போய்க் குளித்தேன். குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு, எதற்கு மாற்றினோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். வழியிலேயே எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்தார். சாப்பிட்டார், கை கழுவினார், பீடியைப் பற்ற வைத்தார். அப்புறம் கேட்டார்: "நெசமா நீ ஒண்ணும் கலக்கலியே?"

ஊர் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, பயம் வந்தது. இவர் கேட்டபோது ஒன்றும் வரவில்லை. கை கால் எல்லாம் இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை என்பது போல இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இப்போது கேட்டால், "நான் எப்ப அப்பிடிக் கேட்டேன்? நீயா கற்பன பண்ணிக்கற" என்கிறார். உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. நல்ல மறதி, எல்லாருக்கும் வாய்க்காது.

கடையை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வாங்குவதை நிறுத்தினார்கள், அவ்வளவே. தெருவில் பார்த்தால் "சாப்ட்டியா" என்று கேட்பார்கள். பாட்டில்கள் வெயிலில் நிற்கும். மழை தொடங்கிய வாரம் சாமான்களைக் கட்டினோம். ஏழுமலையின் ஜீப்பில்தான் இறங்கினோம், வேறு வண்டி ஏது? அதற்குள் அவன் கீழே பங்க்கிலிருந்து பெட்ரோல் வாங்கி ஊற்ற ஆரம்பித்திருந்தான். வானம் மூடிக் காற்று ஜில்லென்று அடித்தது. வண்டி எங்கும் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நான் இருப்பதை மறந்தவராக, "பெட்ரோல மாத்தனதுலருந்து பாரு, ஜம்முனு ஓடுது" என்றார். நான் மடியில் இருந்த அண்டாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஓரிரண்டு கோடை கழிந்து ஏழுமலை ஒடுகத்தூரில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். வாசலிலேயே உட்கார்ந்தான், உள்ளே வரவில்லை. ஜீப்பைப் புதூர்நாட்டுப் பக்கம் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டானாம். அங்கே ஒரு மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறான்.

"கார்புரேட்டருக்கு அடியில தடியா ஒரு கட்ட வெக்கணுமாங்கா. எஞ்சின் சூடு மேல ஏறாம தடுக்கறதுக்கு. எப்பவோ எறக்கி வேல பாத்த எவனோ அத வெக்காமலே மாட்டிட்டான். சூடு நேரா ஏறி, உள்ள கீற பெட்ரோலு கொதிக்குது. கொதிச்சா வழியும், இல்லாட்டி ஆவியாயி அடைச்சிக்கும். ரெண்டு வியாதியில்லக்கா, ஒண்ணுதான்."

சரி என்றேன்.

அவன் போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். நாங்கள் இறங்கிய பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவரே பாட்டில் பெட்ரோல் விற்க ஆரம்பித்தார், இவனும் அவரிடமே வாங்கினான். "அவரு கலக்கறாருக்கா. நல்லாவே கலக்கறாரு. பொக தள்ளுது, காலையில ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது, நாத்தம் எனக்குத் தெரியாதா? ஆனா மத்தியானத்துல நிக்கல. கிருஷ்ணாயிலு சட்டுனு கொதிக்காது இல்ல? அதனால சூட்ட தாங்கிக்கிச்சி. உன்னுது சுத்தமா இருந்ததாலதான் நின்னுதுக்கா."

இதைக் கேட்டபோது நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தாமல் புடைத்தேன். கலந்திருந்தால் வண்டி ஓடியிருக்கும், காப்பு தவறியிருக்காது, முருங்கை வளர்ந்திருக்கும். யோசித்துப் பாருங்கள், இதற்கு நான் யாரைத் திட்டுவது?

"ஊருல சொன்னியா?" என்று கேட்டேன்.

"எப்பிடிக்கா சொல்றது?" என்றான். "அம்மா முன்னாடி சூடம் தானா அணைஞ்சிதே. நான் போயி கட்ட, சூடுனு சொன்னா, அம்மா தப்பு பண்ணிட்டாளான்னு கேப்பாங்க. உனக்காவது தெரியட்டும்னு வந்தேன்."

எனக்குத்தான் முன்பே தெரியுமே. தெரியாதவர்களுக்கு அல்லவா சொல்ல வேண்டும்? அதை நான் அவனிடம் கேட்கவில்லை. மோர் கொடுத்தேன், குடித்தான், சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். பிறகு அவன் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

இப்போது மலைக்கு நல்ல ரோடு போட்டுவிட்டார்கள். பஸ் ஏறுகிறது. பானட் மேல் யாரும் உட்காருவதில்லை. பாட்டில் பெட்ரோலைத் தேட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. கார்புரேட்டர் என்ற சொல்லே பையன்களுக்குத் தெரியவில்லை, பட்டனைத் தட்டினால் ஓடுகிறது. ஊர்க்கவுண்டர் போய்விட்டார். காயிதத்துக்கு என்ன தெரியும் என்று கேட்ட அந்த அம்மாவும் போய்விட்டார். எங்கள் கடை இருந்த இடத்தில் தண்ணீர்த்தொட்டி கட்டியிருக்கிறார்களாம். எல்லாம் போய்விட்டது, இந்தப் பேச்சும் அதோடு போயிருக்கும் என்றுதான் நானும் இருந்தேன்.

அந்தப் பச்சை ஜீப் வந்துபோன இரண்டொரு நாளில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். வேலூரில் நர்சிங் படிக்கிறாள், விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாள், பஸ் வரும் வரை நிழலுக்கு ஒதுங்கினாள். எந்த ஊர் என்று கேட்டேன். அந்த ஊர்தான். யார் வீட்டுப் பெண் என்று நான் கேட்கவில்லை. துறுதுறுவென்று பேசுகிற பெண். ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே மோர் குடித்தாள்.

"சாம்பாரா அது? ஒடுகத்தூர்க்காரி பெட்ரோலு மாதிரி இருக்கும்மா" என்றாள்.

என்ன சொன்னே என்றேன்.

"அதும்மா, எங்க ஊருல அப்பிடிச் சொல்லுவாங்க. பால்ல தண்ணி ஊத்தியிருந்தா, மாவு கலப்படமா இருந்தா, எல்லாத்துக்கும். எங்க ஆயா சொல்லும், அம்மா சொல்லும். நாங்களும் சொல்லிச் சொல்லிப் பழகிட்டோம்."

"யாரு அவ?"

"யாருக்குத் தெரியும். பழைய காலத்துல யாராவது இருந்திருப்பா. இந்நேரம் செத்துப்போயிருப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை.

வலித்தது. பொய் சொல்லப் போவதில்லை, அத்தனை வருடம் மரத்துக் கிடந்த இடத்தில் அன்றைக்கு வலித்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கட்டை, சூடு, கொதிக்கிற பெட்ரோல், நனைந்த புடவை, எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. அதற்குள் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். படி இறங்கியவள், ஏதோ தோன்றித் திரும்பிக் கேட்டாள்:

"நீங்க இந்த ஊருதானேம்மா? அவள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அந்த ஊர்க்காரர்களிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.